பிரேக் எந்தப் பக்கம்

சிங்கப்பூர்
3-2-1963

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி குத்தாலிங்கம் எழுதுவது. நான் சுகம். கடிதம் வந்தால் நீ சத்தமாக வாசிக்க, அத்தான் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்பார் என்பது எனக்குத் தெரியும். இன்றைக்கு மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்.

வண்டி வாங்கிவிட்டேன். உன் கல்யாணத்தின்போது சீராகத் தருவதாகப் பேசிய மோட்டார் சைக்கிள்தான். நாலு வருஷமாக உன் மாமியார் மேலகரம் முழுக்கச் சொல்லித் திரிந்த பேச்சுக்கு இனி வேலை இல்லை. என்னை இங்கே கூட்டிவந்து வேலையில் சேர்த்துவிட்ட ஒலி முகம்மது மாமா அடுத்த மாதம் ஊருக்கே திரும்புகிறார். அவர் சாமான்களோடு பெட்டியில் அடைத்து அனுப்புகிறேன். தென்காசி ஸ்டேஷனில் அவருடைய மருமகன் பரீது இறக்கிக் கொடுப்பான்.

அத்தான் கேட்டது புல்லட். நான் அனுப்புவது ஜப்பான் ஹோண்டா. முகத்தைச் சுளிக்க வேண்டாம். இங்கே பட்டறையில் இதைப் பிரித்துக் கழுவிப் பூட்டியவன் நான். 305 சி.சி. தான், புல்லட்டைவிடச் சின்னது. ஆனால் சிலிண்டர் இரண்டு, கார்புரேட்டர் இரண்டு. வால்வைத் திறக்கிற தண்டு இன்ஜினின் தலையிலேயே இருக்கிறது. புல்லட் நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்றைத் தாண்டினால் மூச்சு வாங்கும். இது ஒன்பதாயிரம் சுற்றில் இருபத்தெட்டுக் குதிரைச் சக்தி தரும். முறுக்கினால் மணிக்கு நூறு மைல். பொத்தானை அழுத்தினாலே கிளம்பிவிடும். முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டிலும் டிரம்முக்குள் ஷூ என்கிற இரண்டு கட்டைகளும் சேர்ந்து கவ்வுகிற பிரேக். இப்படிப் பிடிக்கிற பிரேக்கை நம் ஜில்லாவில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் அத்தானிடம் இரண்டு தடவை வாசி. புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இதில் நேர் எதிர். இடது காலில் கியர், வலது காலில் பிரேக். கியர் பெடலை மிதித்தால் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். பெடல் தானாகவே பழைய இடத்துக்கு வந்து நிற்கும். பிரேக் பெடல் சத்தமே போடாது. மிதிக்க மிதிக்கக் காலுக்கடியில் கெட்டியாகிக்கொண்டே போகும். கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எதுவென்று கால் சொல்லிவிடும்.

தம்பி
குத்தாலிங்கம்


மேலகரம்
21-4-1963

தம்பி குத்தாலிங்கத்துக்கு,

அக்கா சொக்கம்மாள் எழுதுவது. வண்டி வந்து சேர்ந்தது. பரீது மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். தெருவே கூடிவிட்டது. என் மாமியார் மூன்று முறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, “பேசுனது ஒண்ணு, வந்தது ஒண்ணு. அவங்க வீட்டு வழக்கந்தானே” என்றார். நாலு வருஷம் வண்டி வரவில்லை என்று பேச்சு வாங்கினேன். இனி வேறு வண்டி வந்துவிட்டது என்று வாங்க வேண்டும். உனக்கு அங்கே என்ன, கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய்.

உன் அத்தானுக்கு முதல் நாளே மனசு விட்டுப் போயிற்று. சத்தம் பிடிக்கவில்லை. “ஏட்டி, இது என்ன வண்டிட்டி? தையல் மிஷின் மாதிரில்லா கத்துது. புல்லட்டு வந்தா இலஞ்சியில கெளம்பும்போதே இங்கன தெரியும்” என்கிறார். உதைக்கிற கம்பியும் முன்பக்கமாகப் போகிறதாம். மெதுவாக டாப் கியரில் போனால் இழுக்கவே இல்லையாம். நீ எழுதியதை நான் இரண்டு தடவை வாசிக்கத்தான் செய்தேன். என்ன பயன்? அவர் சித்தப்பா வீட்டுப் புல்லட்டைப் பத்து வருஷம் ஓட்டிய கால் அது.

போன வாரம் இலஞ்சி வளைவில் எருமை ஒன்று குறுக்கே வந்தது. இவர் இடது காலை ஓங்கி மிதித்திருக்கிறார். அது கியர். வண்டியும் இவரும் வாய்க்காலில். எருமை நின்று வேடிக்கை பார்த்ததாம். அடி இல்லை, முழங்கையில் சிராய்ப்புதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு மருந்து போட்டேன். அவருக்கு மானம் போய்விட்டது.

பரீது தென்காசியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறான் அல்லவா? வண்டிக்கு அடியில் குறுக்குக் கம்பி கொடுத்து, கியரை வலப்பக்கமும் பிரேக்கை இடப்பக்கமும் மாற்றித் தருகிறேன் என்கிறான். உன்னைக் கேட்டுச் செய்யலாம் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சொக்கம்மாள்


சிங்கப்பூர்
12-5-1963

அக்கா,

வேண்டாம். பரீதின் கையை அந்த வண்டியில் வைக்க விடாதே. அவன் நெல் மிஷினுக்குப் புஷ் வளையம் கடைந்து கொடுப்பவன். இந்த வண்டியில் ஒவ்வொரு தண்டுக்கும் ஓர் அளவு இருக்கிறது, அதை நினைத்தபடி மாற்றக் கூடாது. வெல்டிங் வைத்த பிரேக்கை நம்பி ஒருவன் மலை இறங்கலாமா?

டாப் கியரில் மெதுவாகப் போனால் இழுக்கவில்லை என்கிறாரே, யார் அப்படி ஓட்டச் சொன்னது? இது புல்லட் இல்லை. முறுக்க வேண்டும். ஆறாயிரம் சுற்றுக்கு மேல்தான் இதற்கு உயிரே வரும். சுற்றைக் காட்டும் முள் மேலே ஏறுகிறதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதற்கென்றே செய்த இன்ஜின் இது. சாரல் காலத்தில் ரோடு நனைந்திருக்கும்போது மட்டும் முன் பிரேக்கைத் தொட வேண்டாம், வழுக்கிவிடும். பின் பிரேக்கே போதும்.

கால் ஒரு மாதத்தில் பழகிவிடும் என்று அத்தானிடம் சொல். மனுஷன்தான் மிஷினுக்குப் பழக வேண்டும். மிஷினை மனுஷனுக்காக வளைக்கக் கூடாது. இதை அவர் காதில் விழும்படி வாசி.

குத்தாலிங்கம்


மேலகரம்
9-7-1963

தம்பிக்கு,

அவர் காதில் விழும்படியே வாசித்தேன். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளியபடி பரீதிடம் போய்விட்டார். போகும்போது, “வண்டி எனக்குக் குடுத்ததா, அவன் பாத்து ரசிக்கதுக்குக் குடுத்ததா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்விக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். உன்னிடம் இருந்தால் எழுது.

பரீது நன்றாகத்தான் செய்திருக்கிறான். இப்போது இடது காலில் பிரேக், வலது காலில் கியர். அத்தான் சாரலில் தினம் ஐந்தருவி வரை போய் வருகிறார். முகம் தெளிந்துவிட்டது. என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மாமியார் கண்ணெதிரே ஒரு நாள் கோயிலுக்குக் கூட்டிப்போனார். கல்யாணமாகி முதல்முறையாக இந்த வீட்டில் நான் தலைநிமிர்ந்து வாசலைத் தாண்டினேன். அதைக் கெடுத்துவிடாதே.

நீ லீவில் வரும்போது இருக்கிறதை இருக்கிறபடி ஓட்டு. பழக மாட்டேன் என்றால் ஓட்டாதே. கடிதத்தில் சொல்லிவிட்டேன், பிறகு தெரியாது என்று சொல்லக் கூடாது.

சொக்கம்மாள்


சிங்கப்பூர்
19-9-1965

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். கப்பலில் இருந்த அத்தனை நாளும் தூக்கம் இல்லை. அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாரா? புண் ஆறிவிட்டதா? லீவு முடிந்ததால் கிளம்ப வேண்டியதாயிற்று. நான் ஓடி வந்துவிட்டேன் என்று அங்கே யாராவது பேசினால் நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நடந்ததைப் போலீசில் எழுதிக் கொடுத்தேன். உனக்கு நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். ஐந்தருவியிலிருந்து இறங்கினோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அத்தான் பின்னால் துண்டைத் தலையில் போட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வளைவைத் திரும்பினால் ரோட்டை அடைத்துக்கொண்டு மரம் ஏற்றிய மாட்டு வண்டி. ஈர ரோடு, அதனால் முன் பிரேக்கைத் தொடவில்லை. கிளட்சைப் பிடித்துக்கொண்டு பின் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். ‘டக்’ என்றது. பெடல் இறங்கிவிட்டுத் தானாக மேலே வந்துவிட்டது. மறுபடி மிதித்தேன். மறுபடியும் டக். வண்டி நிற்கவே இல்லை. ஹேண்டிலை ஒடித்தேன். நான் தப்பித்தேன். மாட்டு வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரம் அத்தானின் காலில் பட்டுவிட்டது.

பெடல் மாறியிருக்கிறது என்பதை நான் மறக்கவில்லை, அக்கா. நீ அப்படி நினைத்துவிடக் கூடாது. பிரேக் இடப்பக்கம் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இடது காலால்தான் மிதித்தேன். பரீது வைத்த வெல்டிங் விட்டுவிட்டது. விழுந்த இடத்தில் போலீஸ்காரர் பார்க்கும்போது அந்தக் குறுக்குக் கம்பி இரண்டாகக் கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அன்றே சொன்னேன், அந்தப் பயலின் கையை வைக்க விடாதே என்று. யார் கேட்டீர்கள்?

தம்பி
குத்தாலிங்கம்


சிங்கப்பூர்
5-12-1965

அக்கா,

பதில் இல்லை. கோபமா, கடிதம் வரவில்லையா? பரீதின் மேல் கேஸ் போட்டிருப்பதாக இங்கே தென்காசிக்காரர் ஒருவர் சொன்னார். போடட்டும். லீவில் எனக்குப் பேசிய இலஞ்சிப் பெண் வீட்டார் தை மாதம் கழிந்து கல்யாணத் தேதி வைக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அக்கா என்று நீ முன்னால் நின்றால்தான் மரியாதை. இரண்டு வரியாவது போடு.

குத்தாலிங்கம்


மேலகரம்
13-2-1966

குத்தாலிங்கத்துக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. பதில் எழுத உட்கார்ந்தால் அத்தானுக்குப் புண் கட்ட எழுந்துவிடுவேன். அதனால் எழுதவில்லை.

உன் அத்தானுக்கு வலது கால் தொடைக்குக் கீழே இல்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவரே சிரித்துக்கொண்டு, “கியர் போடுத காலு போச்சு. பிரேக் பிடிக்க காலுதான் மிச்சம். நானும் எங்க போவப் போறேன், நிறுத்தி வச்சிருக்க வேண்டியதுதானே” என்றார். என் மாமியார் மட்டும் அழுதார். எனக்கு அழுகைகூட வரவில்லை. அந்த வண்டியைக் கேட்டு என்னைக் கட்டிக்கொண்டார்கள். அந்த வண்டிதான் இப்போது அவரைக் கட்டிப் போட்டிருக்கிறது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஆறு மாதம் அடுப்படியிலேயே கிடந்தேன்.

பரீதைப் பற்றிச் சொல்கிறேன். அவன் பட்டறையை மூடிவிட்டான். வெல்டிங்குக்கு யாரும் போவதில்லை. அஜாக்கிரதையாய் வேலை செய்து ஒருவர் காலைப் போக்கினான் என்று கேஸ். தண்டனை ஆனால் ஜெயில் என்கிறார் வக்கீல். தினமும் வந்து வாசலில் நிற்பான். உன் அத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள், “அண்ணாச்சி, நான் வச்ச வெல்டு விடாது. மரத்துல மோதுன மோதல்ல ஒடஞ்சிருக்கும். அல்லா மேல ஆணை” என்றான். இவர் ஒரு செம்புத் தண்ணீரை அவன்மேல் வீசினார். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாய்த் திரிந்தவர்கள். உன்னைக் கப்பல் ஏற்றிவிட்டது அவன் மாமா. நானும் அவனை உள்ளே கூப்பிடவில்லை. நானும் உன்னைத்தான் நம்பினேன்.

உன் கடிதங்களை இந்த வீட்டில் வாசிக்கிறவள் நான். அத்தான் கேட்டு மறந்துவிடுவார். நான் ஒரே கடிதத்தை அவருக்கு ஒரு தடவை, மாமியாருக்கு ஒரு தடவை, வண்டி பார்க்க வருகிறவர்களுக்கு எத்தனையோ தடவை வாசித்தவள். சுற்று எத்தனை, ஷூ எத்தனை எல்லாம் எனக்குப் பாடம். அதில் ஏறி ஓட்டத்தான் தெரியாது.

போன வாரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை தேய்க்கிறது, மனசு உன் கடிதத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ‘டக் என்றது. பெடல் இறங்கிவிட்டுத் தானாக மேலே வந்துவிட்டது.’ கை நின்றுவிட்டது.

டக் என்பது எந்தப் பெடல், தம்பி? தானாகப் பழைய இடத்துக்கு வருவது எந்தப் பெடல்? பிரேக் சத்தமே போடாது, மிதிக்க மிதிக்கக் கெட்டியாகும் என்று எழுதியது நீதானே? வெல்டிங் முதலிலேயே விட்டிருந்தால் பெடல் சும்மா தொங்கியிருக்கும். டக் என்று சொல்லியிருக்காது, இரண்டு தடவையும் சொல்லியிருக்காது. கண்ணைக் கட்டினாலும் கால் சொல்லிவிடும் என்றாய். உன் கால் சொன்னதைத்தான் நீ எழுதியிருக்கிறாய். நீ மிதித்தது வலது காலால். அது கியர்.

இலஞ்சி வளைவில் எருமையைப் பார்த்ததும் உன் அத்தானின் கால் என்ன செய்ததோ, ஐந்தருவி ரோட்டில் உன் கால் அதையே செய்தது. எனக்கு அதில் கோபம் இல்லை. பழகிய கால், பயத்தில் பழைய இடத்துக்குத்தான் போகும். அன்றைக்கு அத்தான், “மாப்ள, சாரல் விழுது, நான் ஓட்டுதேன்” என்று கேட்டாராம். “இந்த இன்ஜின் சத்தத்த நீங்க ஒரு நாளும் சரியாக் கேட்டதில்ல அத்தான், ஏறுங்க” என்றாயாம். அதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் ஒரு காலைப் போக்கியது போதாதென்று, பழியைத் தூக்கி பரீதின் தலையில் வைத்துவிட்டுக் கப்பல் ஏறினாயே. அதை எப்படிப் பொறுப்பேன்?

இதையெல்லாம் அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. நீயே எழுது. ஏப்ரல் கடைசியில் கேஸ் விசாரணைக்கு வருகிறது. அதற்கு முன்னால் கோர்ட்டுக்கு எழுதிப் போடு. தெரியாமல் வந்த தவறுதான் என்று எழுது. உன்னை யாரும் தூக்கில் போடமாட்டார்கள்.

சொக்கம்மாள்


சிங்கப்பூர்
11-3-1966

அன்பான அக்கா,

இந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசிக்காதே. இது உனக்கு மட்டும்.

அத்தானுக்கு ஒரு நல்ல செய்தி. ஜப்பானில் இப்போது செயற்கைக் கால் பிரமாதமாகச் செய்கிறார்கள். இங்கே ஒரு கடையில் பார்த்தேன். மரம் இல்லை, முழுக்க அலுமினியம். எடை குறைவு. முழங்காலில் ஸ்பிரிங் இருக்கிறது, நடக்கும்போது தானாக மடங்கித் தானாக நிமிரும். பாதத்தில் ரப்பர். அளவு எடுத்து அனுப்பினால் நான் வாங்கி அனுப்புகிறேன். வெயிலிலும் மழையிலும் ஒன்றும் ஆகாது.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஒரு கண்ணிமைப்பில் நடந்தது, அக்கா. எந்தக் கால் என்று யாரால் சத்தியம் செய்ய முடியும்? டக் என்று எழுதியது ஒரு பேச்சுக்கு. நீ அதைப் பிடித்துக்கொண்டு வக்கீல் மாதிரி கேட்கிறாய். வண்டிக்கு மேல் வண்டியாகப் பூட்டியவன் நான். பெடல் தெரியாமல் மிதித்தேன் என்று எழுதிக் கொடுத்தால் இங்கே பட்டறையில் என் பெயர் என்னாகும்? இலஞ்சிக்காரர்கள் பெண் தருவார்களா? ஊருக்குள் நான் எப்படி வருவேன்?

பரீதுக்கு ஜெயில் எல்லாம் ஆகாது. அப்படியே ஆனாலும் சில மாதம்தான். அவன் பெடலை மாற்றாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்பதையும் நினைத்துப் பார். அந்த வகையில் பழி அவனுடையதுதானே?

நீ என் கூடப் பிறந்தவள். யாருக்காகவோ என்னை விட்டுக்கொடுத்துவிடாதே.

தம்பி
குத்தாலிங்கம்


மேலகரம்
10-4-1966

குத்தாலிங்கத்துக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஆள் அனுப்பிப் பரீதைக் கூப்பிட்டேன். வாசலிலேயே நின்றவனை உள்ளே வரச் சொல்லி உட்கார வைத்தேன். அத்தான் முகத்தைத் திருப்பினார். “ரெண்டு பேரும் கேளுங்க” என்று சொல்லிவிட்டு வாசித்தேன். முதலில் நீ செப்டம்பரில் எழுதியது. பிறகு நான் உனக்கு எழுதியதை வாயால் சொன்னேன். கடைசியில் இது. ‘இந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசிக்காதே’ என்ற வரியையும் சேர்த்தே வாசித்தேன்.

அலுமினியக் கால் வந்த இடத்தில் அத்தான் கையைக் காட்டி நிறுத்தினார். “அந்தக் காலுக்குப் பிரேக்கு எந்தப் பக்கம்னு கேட்டு எழுதுட்டி” என்றார். சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

முடித்த பிறகு பரீது அழுதான். உன்னைத் திட்டுவான் என்று நினைத்தேன், திட்டவில்லை. அத்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து, நொண்டிக்கொண்டே போய் அவன் தோளைப் பிடித்தார். விழப் போனார். அவன்தான் தாங்கினான். “என்னலே அழுத, நாந்தானல ஒம்மேல தண்ணிய வீசுனேன்” என்றார். இதைச் சொல்லத்தான் அவருக்கு இத்தனை மாதம் பிடித்திருக்கிறது.

பிறகு என்னைப் பார்த்து, “ஏட்டி, வண்டியப் பத்தி அவன் எழுதுனதுல ஒரு பொய்யும் கெடையாது. அத்தனையும் நெசம்” என்றார். பரீதின் தோளை விடாமலே, “வண்டியப் பத்தி மட்டும்” என்றார்.

விசாரணைக்கு நான் போகிறேன். சாட்சியாக என்னைப் போடச் சொல்லி வக்கீலிடம் பேசியாகிவிட்டது. பொம்பளை கோர்ட்டில் வந்து கியர், பிரேக் என்று பேசினால் சிரிப்பார்கள் என்றார் அவர். சிரித்துக்கொள்ளட்டும். ஒன்பதாயிரம் சுற்றிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்கிறேன். உன் கடிதங்களையும் கொடுப்பேன். இலஞ்சிப் பெண் வீட்டுக்கும் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் தெரிந்துகொண்டு கொடுத்தால் கொடுக்கட்டும். மோட்டார் சைக்கிளைக் கொடுத்து என்னைக் கட்டிக்கொடுத்த மாதிரி, பொய்யைக் கொடுத்து இன்னொருத்தியைக் கட்டிவர நான் முன்னால் நிற்க மாட்டேன்.

பதில் எழுதுவதாக இருந்தால் எழுது. அதையும் சத்தமாகத்தான் வாசிப்பேன்.

சொக்கம்மாள்